உறையுளும் உள்ளூர்ப் பொருளும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். இம்மூன்றனுள் உண்டி நாடோறும் சமைக்கப்படுவது. இன்று உப்பு மிகுந்ததாயின் நாளை குறைத்துக் கொள்ளலாம். உடை ஆண்டுதோறும் எடுக்கப்படுவது. அண்ணனுக்கு அளவு பொருந்தாததாயின் தம்பிக்கு ஆகும். உறையுளோ பெரும்பாலார்க்கு வாழ்நாளில் ஒரே முறை வாய்ப்பது. அதிற் செய்த பிழையைப் பிரித்துத் தைத்துக் கொள்ள இயலாது. அப்பிழையினுள்ளேயே உண்டு, உறங்கி, மக்களை வளர்த்து, மூப்பெய்த வேண்டும். ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் இரண்டையும் ஒரே நுகத்திற் பூட்டிக் கூறியது செலவு கருதி மட்டுமன்று என்பது எம் கருத்து.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்நாளில் வீடு கட்டுவோர் பலர். பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டை இடித்து, அதன் தேக்குக் கதவுகளை வந்த விலைக்கு விற்று, வங்கியில் இருபதாண்டுத் தவணைக்குக் கடன் பெற்று, தட்டையான கான்கிரீட்டுத் தளமுடைய வீடு எழுப்புகின்றனர். பால் காய்ச்சும் நாளில் வந்தோரெல்லாம் வியக்கின்றனர். சித்திரை பிறந்ததும் வியப்பு மாறுகின்றது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதனை உள்ளே உமிழ்கின்றது. முதலாண்டு வீட்டார் மொட்டைமாடியிற் பாய் விரிக்கின்றனர். மறு ஆண்டு குளிர்சாதனப் பெட்டி வாங்குகின்றனர். அதன் பின்னர்த் தவணையோடு மின்கட்டணமும் ஒரு தவணையாகின்றது. இடிக்கப்பட்ட பழைய வீட்டின் முற்றத்தில் காற்று விலையின்றிக் கிடைத்தது என்பதை அப்பொழுது எண்ணிப் பயனில்லை.

பழைய வீட்டையே மீண்டும் கட்டுக என்று யாம் கூற வரவில்லை. கூட்டுக்குடும்பம் குறுகிவிட்டது, மனையும் குறுகிவிட்டது, பலாமரத்துக்கும் தேக்குக்கும் இன்றுள்ள விலை நாம் அறிந்ததே. இக்காலத்து வாழ்க்கைக்குப் பொருந்திய வீடொன்றை, வெப்பமும் மழையும் மிக்க நம் நாட்டில், அருகிற் கிடைக்கும் பொருளாலும் வழிவழி வந்த கைத்தொழிலாலும் அமைத்தல் கூடுமா என்பதே வினா. கூடும் என்பதைச் சொல்லாற் கூறியவர் பலர். செங்கல்லாற் காட்டியவர் சிலர். அச்சிலருள் தலையாயவர் நமக்கு அண்டையூராகிய திருவனந்தபுரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் மறைந்த லாரி பேக்கர் என்பவர். அவர் வரலாற்றையும், அவர் தம் வீடுகளிற் கையாண்ட முறைகளையும் இங்கே சிறிது விரித்துரைக்கின்றோம்.

பேக்கர் 1917-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிற் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை பயின்றார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரோடு சேர்ந்தவராதலின் போரிற் படைக்கலம் ஏந்த உடன்படாது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனத்துக்குச் சென்று மருத்துவப் பணி ஆற்றினார், தொழுநோயாளரிடையேயும் உழைத்தார். உடல் நலிந்து தாயகம் திரும்புங்கால், கப்பலுக்காகப் பம்பாயில் சில திங்கள் காத்திருக்க நேர்ந்தது. அங்கே காந்தியடிகளைக் கண்டார். பேக்கர் அணிந்திருந்த பாதரட்சை பழந்துணிகளைக் கொண்டு கையாற் செய்தது. அதனை உற்று நோக்கிய அடிகள் அவரோடு உரையாடத் தொடங்கினார் என்பர். வீடு கட்டுவதற்கு வேண்டிய பொருள் அனைத்தும் அவ்விடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவிற் கிடைப்பதாயிருத்தல் வேண்டும் என்று அடிகள் கூறிய கருத்து தம் வாழ்நாள் முழுதும் தம்மை ஆட்கொண்டதாகப் பேக்கர் பிற்காலத்தில் பன்முறை சொல்லியிருக்கின்றார்.

1945-ஆம் ஆண்டு தொழுநோய்ச் சங்கமொன்றின் கட்டடப் பணிக்காக இந்தியாவுக்கு மீண்டார். 1948-ஆம் ஆண்டு கேரளத்தவரான மருத்துவர் எலிசபெத்து அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகர் என்னும் ஊரருகே குடியேறினார். அம்மையார் மருத்துவம் பார்க்க, பேக்கர் கட்டட வேலையும் பிற வேலையும் பார்க்க, ஏறத்தாழ 16 ஆண்டுகள் அங்கே கழிந்தன.

இப்பதினாறு ஆண்டுகளே அவருக்கு இரண்டாம் கல்லூரி ஆயின. பர்மிங்காமிற் கற்ற இரும்பும் கண்ணாடியும் அம்மலையிற் கிடையா. கிடைத்தவை கருங்கல், களிமண், மரம், சாணம் என்பனவே. எந்தக் கல் எந்தப் பக்கம் பிளக்கும், எந்தச் சரிவில் வீடு வைத்தால் பனிக்காற்றுத் தாக்காது, கூரையை எவ்வளவு சாய்த்தால் பனி வழிந்து விழும் என்பனவற்றை அவ்வூர்க் குடியானவரும் கொத்தரும் அறிந்திருந்தனர். பட்டம் பெற்றவர் அறியாததனைப் படியாதவர் அறிந்திருந்தனர் என்று கூறிச் செல்வது எளிது. பேக்கர் அவ்வாறு வியந்து நின்றாரல்லர். ஒவ்வொரு வழக்கத்துக்கும் காரணம் யாதென உசாவினார். காரணம் இன்னும் நிற்பதாயின் வழக்கத்தைக் கைக்கொண்டார். காரணம் போய் வழக்கம் மட்டும் எஞ்சியதாயின் விடுத்தார். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இந்நெறி மிகவும் உவப்பானது. நூற்பாவை மனனம் செய்தவன் ஒருவன். அது எதற்கு எழுந்தது என்று அறிந்தவன் மற்றொருவன். புதுச்சொல் வந்துழிப் பின்னவனே தடுமாறாது நிற்பான்.

1963-ஆம் ஆண்டு அவ்விருவரும் தெற்கே வந்து கேரளத்து வாகமண் மலையில் மருத்துவப்பணி புரிந்தனர். பின்னர் 1970-ஆம் ஆண்டை ஒட்டித் திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறை என்னுமிடத்தில் குடியமர்ந்தனர். பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் என்னும் பேராயர் வீடற்ற ஏழைகட்குக் குறைந்த செலவிற் குடில்கள் கட்டும் வேலையை அவரிடம் ஒப்புவித்தார். பொருளியலறிஞர் கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு நிலையத்தின் கட்டடங்களை உள்ளூரில் அவரே எழுப்பினார். ‘உள்ளூர்’ என்பது அங்குள்ள ஒரு பகுதியின் பெயர். தலைப்பில் யாம் எழுதிய உள்ளூர் அன்று. ஆயினும் இப்பெயர்ப் பொருத்தம் இனிதே.

பேக்கர் வந்திறங்கிய நாட்டில் கட்டடத் தொழில் வறியதாயிருக்கவில்லை. ‘மனுஷ்யாலய சந்திரிகை’ என மனையமைப்பைப் பற்றித் தனி நூலே வகுத்த நாடு அது. நாற்புறமும் கட்டு, நடுவே திறந்த முற்றம், தாழ்ந்திறங்கும் கூரை, வெயிலும் சாரலும் சுவரைத் தொடாதபடி நீண்ட இறவாணம், நிழலார்ந்த தாழ்வாரம் என்பன அங்கத்திய பழைய வீடுகளின் உறுப்புக்கள். இதற்குச் சான்று தேட நாம் மலையாளக்கரைக்குச் செல்லவும் வேண்டுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அப்பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னரும் அரண்மனையைக் கேரள அரசே பேணி வருகின்றது. சித்திரை நண்பகலில் அதனுள் நுழைவோர் குளத்திற் காலை வைத்தது போன்ற தண்மையை உணர்வர். மரச்சட்டங்களைச் சாய்வாகவும் குறுக்காகவும் கோத்த கிராதிகளின் வழியே காற்றுத் தவழ்கின்றது. கண்கூசும் ஒளி வடிகட்டப்பட்டு நிழலாக விழுகின்றது. மின்விசிறி இல்லாத காலத்தில் அரசர்க்குக் கிடைத்த அத்தண்மை நம் தளவீட்டில் விசிறி சுழன்றும் கிடைப்பதில்லை.

அரண்மனைக்குக் காடு இருந்தது, மரம் இருந்தது, ஆளும் இருந்தனர். ஓர் எழுத்தர், ஓர் ஆசிரியர், ஒரு சிறுகடைக்காரர் அதனை எங்ஙனம் பெறுவார்? இவ்விடத்திலேதான் பேக்கருடைய அறிவு வெளிப்படுகின்றது. மரக்கிராதியின் உருவத்தை அவர் நாடவில்லை. அதன் தொழிலை நாடினார். அத்தொழிலைச் செய்ய அருகே மலிவாகக் கிடைப்பது யாது என்று தேடினார். சூளைச் செங்கல் அகப்பட்டது.

அக்காலத்து நிலையையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1970-களில் சிமெண்டு அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தது. உத்தரவுச் சீட்டுப் பெற்று, அலுவலகப் படிகளேறி, மாதக்கணக்கிற் காத்திருந்து சில மூட்டை பெற வேண்டும். 1982-ஆம் ஆண்டு அக்கட்டுப்பாடு ஒரு பகுதி தளர்ந்தது. 1989-ஆம் ஆண்டு முற்றும் நீங்கிற்று. சிமெண்டின்றி வீடில்லை என்ற எண்ணம் அப்பஞ்ச காலத்திலேயே ஊன்றியது என்பது விந்தை. கிடைப்பதற்கு அரியது எதுவோ அதுவே பெருமையுடையதாகத் தோன்றுதல் மக்கள் இயல்பு போலும். பேக்கரோ கிளிஞ்சற் சுண்ணாம்பு கடற்கரையெங்கும் கிடைக்கும்போது அதனை ஏன் மறந்தீர் என்று கேட்டார். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தினால் எழுந்த சுவர்கள் நம் ஊர்களில் நூற்றாண்டு கடந்து நிற்பதை நாமும் கண்டிருக்கின்றோம்.

இனி அவர்தம் முறைகளிற் சிலவற்றைக் காண்போம். வீடு கட்டப் புகுவோர் கொத்தனாரோடு பேசுதற்கு உதவும் என்பதனால் சுவரைப் பற்றிச் சற்று நுணுக்கமாகவே எழுதுகின்றோம்.

கணக்கின் எளிமைக்காகச் செங்கல் ஒன்றின் நீளம் 9 அங்குலம், அகலம் 4½ அங்குலம், கனம் 3 அங்குலம் என்று கொள்வோம். வழக்கமாகக் கொத்தனார் கல்லைப் படுக்கவைத்து 9 அங்குலச் சுவர் எழுப்புவார். பேக்கர் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திவைத்தார். சுவரின் வெளிமுகத்தில் நீளவாக்கில் ஒரு கல், உள்முகத்தில் அதற்கு நேரே ஒரு கல். இரண்டின் கனமும் சேர்ந்து 6 அங்குலம் ஆக, நடுவே 3 அங்குலம் வெற்றிடமாக நிற்கும். அடுத்து இரண்டு முகத்தையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். மீண்டும் இணைக்கல், மீண்டும் குறுக்குக்கல். மேல்வரிசையில் இம்முறையே சற்று விலக்கி அடுக்கப்படும். சுவரின் தடிப்பு அதே 9 அங்குலந்தான். ஆனால் படுக்கை முறையில் 4 கல் செல்லும் இடத்தில் நிறுத்தல் முறையில் 3 கல்லே செல்லும். ஐயமுடையோர் தாளில் வரைந்து எண்ணிக் கொள்ளலாம். கல்லிற் கால் பங்கு மிச்சம். அதற்கேற்பச் சாந்தும் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெப்பத்தை எளிதிற் கடத்தாதாதலின் வீட்டினுள் வெம்மையும் குறைவு. ஆங்கிலர் இதற்கு எலிப்பொறியின் பெயரை இட்டு ‘ரேட்-டிராப்’ என்றனர். நடுவே குழி குழியாக இருத்தலின் இப்பெயர் வந்தது. இம்முறை இங்கிலாந்தில் முன்னமே உள்ளது. பேக்கர் அதனைக் கொணர்ந்து, நம் வெயிலுக்கு இஃது எத்துணை ஏற்றது என்று காட்டினார்.

இச்சுவருக்குப் பூச்சு இல்லை. செங்கல் செங்கல்லாகவே தோன்றும். பூசாவிடிற் சுவர் எங்ஙனம் நிற்கும் என்று கேட்போர் உளர். சுவரைத் தாங்குவது கல்லும் கட்டுமே, பூச்சு போர்வை. போர்வையினால் மறைபடும் என்ற துணிவிலேயே கோணலான வரிசையும் உடைந்த கல்லும் உள்ளே சென்று விடுகின்றன. பூச்சில்லாத சுவரில் ஒவ்வொரு கல்லும் கண்முன் நிற்றலின் கொத்தனார் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் விட்டு ஓர் அங்குலமும் அகல இயலாது. அச்சுவரைக் காண்போர் அதனை அடுக்கினவர் கையைக் காண்கின்றனர். இஃது ஒரு செலவுக்குறைப்பு மாத்திரமன்று, தொழிலாளியின் பெயரை மறையாது விடுதலுமாம் என்று யாம் எண்ணுகின்றோம்.

அடுத்தது சன்னல். ‘சன்னல்’ என்பது தமிழன்று. போர்த்துக்கீசியர் மொழியிலிருந்து வந்து நம்மிடையே குடியேறிய சொல். அதற்கு முன்னர் நம்மவர் வழங்கிய சொற்கள் வேறு. ‘காலதர்’ என்பது ஒன்று. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பது பொருள். சிலப்பதிகாரம் பயின்றோர் இச்சொல்லை அறிவர். ‘பலகணி’ என்பது மற்றொன்று. பல கண்களையுடையது என்பது பொருள். ஒரு பெருந்துளையைச் சுவரில் இட்டு, அதற்குக் கண்ணாடி இட்டு, கண்ணாடி உடையாதிருக்க இரும்புக் கம்பி இட்டு, வெயில் புகாதிருக்கத் திரை இட்டு, திரையினால் காற்றுத் தடைப்பட விசிறி இடுதல் இக்காலத்து வழக்கம். பழைய சொல்லோ பல சிறு கண்களையே கூறுகின்றது.

பேக்கர் தமிழ்ச்சொல் அறிந்தவரல்லர். ஆனால் பலகணியை மீண்டும் கட்டினார். செங்கல் அடுக்கும்பொழுதே கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுச் சுவரையே சல்லடையாக்கினார். வடநாட்டார் இதனை ‘ஜாலி’ என்பர். சதுர அடிக்குச் சதுர அடி கணக்கிட்டால் மரச்சட்டமும் கண்ணாடியும் கம்பியும் உடைய சன்னல் வெறுஞ்சுவரைப் போலப் பன்மடங்கு விலையுடையது. ஜாலியோ வெறுஞ்சுவரிலும் குறைந்தது. ஏனெனில் அதில் துளையுள்ள இடத்திற் கல் இல்லை. காற்று வரும், ஒளி பொடிப்பொடியாக வரும், கள்வன் வாரான், உள்ளிருப்போர் வெளியே பார்க்கலாம், வெளியிலுள்ளோர் உள்ளே பார்த்தல் அரிது. யாம் பங்குனி மாதத்தில் மாணாக்கர் சிலரோடு மேற்கூறிய ஆய்வு நிலையத்துக்குச் சென்றிருந்தபோது, ஒரு சிறுவன் தரையில் விழுந்த ஒளிப்புள்ளிகளைக் கோலம் என்று எண்ணிக் குனிந்து தடவிப் பார்த்தான்.

கொசு வாராதா என்பது எம் இல்லத்தார் உடனே எழுப்பிய வினா. வரும் என்பதே விடை. கூடம், படிக்கட்டு, நடை, அடுக்களையின் மேற்பகுதி ஆகியவற்றுக்கு ஜாலி மிகவும் ஏற்றது. படுக்கையறைக்கு உட்புறம் வலையடித்துக் கொள்ளல் வேண்டும். சாரல் அடிக்கும் மேற்குச்சுவரில் இறவாணம் நீண்டிருத்தலும் இன்றியமையாதது. இறவாணத்தை வெட்டிவிட்டு ஜாலியை மட்டும் வைத்தவர் ஆடிமாதத்திற் கூடத்தில் துணி பிழிவர்.

கதவுக்கும் பலகணிக்கும் நிலைச்சட்டம் அடித்தலிலே மரம் மிகுதியாகச் செலவாகின்றது. பேக்கர் கூடுமான இடத்து நிலையையே நீக்கினார். சிறு பலகணிக்கு நெட்டுக்குத்தாக ஒரே பலகை. அதன் மேலும் கீழும் ஒவ்வொரு முளை. அம்முளைகள் சுவரின் குழியிற் பொருந்திச் சுழலும். கீலும் இல்லை, திருகாணியும் இல்லை. இதனைப் புதுமை என்று பாராட்டி எழுதியோர் உளர். நம் கோயிற் கதவுகளை நோக்குக. அவை கீலில் ஆடுவன அல்ல, குடுமியிற் சுழல்வன. கல்லிற் குடைந்த குழியில் மரக்குடுமி நின்று நூற்றாண்டுகளாக அப்பெருங்கதவுகளைத் தாங்குகின்றது. ஆயிரம் மணங்கு கதவுக்குப் பொருந்தியது அரைப்பலகைப் பலகணிக்குப் பொருந்தாதோ? நம் தச்சர்கள் இதனை மறந்தமைக்குக் காரணம், கேட்பார் இல்லாமையே.

கூரைக்கு வருவோம். நம் ஊர்களில் ‘மங்களூர் ஓடு’ என்று வழங்கும் தட்டையோடு பழையதொன்று என்றே பலரும் கருதுகின்றனர். அஃது அத்துணைப் பழையதன்று. பாசல் மிஷன் என்னும் பாதிரிமார் சங்கத்தைச் சார்ந்த பிளெப்ஸ்டு என்ற செருமானியர் 1865-ஆம் ஆண்டு மங்களூரில் அதற்கு ஆலை அமைத்தார். அதற்கு முன்னர் குயவர் கையாற் செய்த வளைந்த நாட்டோடே எங்கும் இருந்தது. வெளிநாட்டார் வகுத்த வடிவம், நம் ஆற்றங்கரைக் களிமண், நம் தொழிலாளர் கை என்னும் மூன்றும் சேர்ந்து பிறந்த அவ்வோடு ஓரிரு தலைமுறையிலேயே நம் பரம்பரைப் பொருளாகிவிட்டது. பழமையென்று நாம் போற்றுவனவற்றுட் பல ஒருகாலத்துப் புதுமைகளே என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே ‘பரம்பரை முறை’ என்றதும் ‘முன்னேற்றத்துக்குப் பகை’ என்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

மாடி வேண்டுவோர்க்குத் தளம் இன்றியமையாதது. அங்கும் பேக்கர் இவ்வோட்டையே துணைக்கொண்டார். தளத்தின் மேற்பாதி அழுத்தத்தைத் தாங்குவது. அதற்குக் கான்கிரீட்டு வேண்டும். கீழ்ப்பாதி இழுக்கப்படுவது, இழுவையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. கம்பிக்கு இடையே கீழ்ப்பாதியிலுள்ள கான்கிரீட்டு பெரும்பாலும் பாரமாகவே தொங்குகின்றது. அவ்விடத்திற் சிமெண்டைக் கொட்டுவதற்கு மாறாக, ஆலையிற் கழிக்கப்பட்ட ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட்டு இட்டார். தளத்தின் பாரம் குறைந்தது, கம்பியும் குறைந்தது, ஓடுகளுக்கிடையே அகப்பட்ட காற்று வெப்பத்தை ஓரளவு தடுத்தது, கீழிருந்து நிமிர்ந்து நோக்குவோர்க்கு ஓட்டின் செந்நிறம் வரிவரியாக அழகும் தந்தது. பேக்கர் கான்கிரீட்டை வெறுத்தவரென்று சொல்லுதல் தவறு. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே இட வேண்டும் என்றார். கம்பியின் அளவை மட்டும் பொறியாளரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். அதிற் கைச்சிக்கனம் ஆகாது.

வாசல்களின் மேல் கான்கிரீட்டு லிண்டல் இடாது, செங்கல்லை வளைவாகவோ படிப்படியாக முன்னீட்டியோ அடுக்கிப் பாரத்தை இறக்கினார். வட்டச்சுவர்களும் அவர்க்கு மிக விருப்பமானவை. இதனைக் கலைஞர் விளையாட்டு என்று எண்ணுவோர்க்கு ஒரு கணக்கு: 400 சதுர அடி இடத்தை 40-க்கு 10 என்று நீள்சதுரமாக அடைத்தால் 100 அடிச் சுவர் வேண்டும், 20-க்கு 20 என்று சதுரமாக அடைத்தால் 80 அடி, வட்டமாக அடைத்தால் ஏறத்தாழ 71 அடியே போதும். கட்டிலும் பீரோவும் வட்டச்சுவரில் ஒட்டி நில்லா என்பதும் உண்மையே. ஆதலின் இம்முறையை அளவோடு கொள்க.

இவை யாவும் சூத்திரங்கள். இவற்றினும் மேலாக எம் கருத்தைக் கவர்ந்தது அவர் வேலை செய்த வகை. பெரிய அலுவலகம் அவருக்கு இல்லை. பயன்பட்ட தாள்களின் பின்புறத்திற் படம் வரைவார். மனையை நேரிற் சென்று நோக்குவார். காற்று எப்பக்கம், மரம் எங்கே, மண் எத்தன்மையது என்று அறிந்த பின்னரே கோடிழுப்பார். இருக்கும் மரத்தை வெட்டுதற்கு மனமின்றிச் சுவரை வளைத்துச் செல்வார். வேலை நடக்குங்கால் கொத்தரிடையே நின்று, இன்று இதனை மாற்றுவோம் என்று அங்கேயே மாற்றுவார். அவரிடம் பழகிய கொத்தர்கள் கூலிக்குக் கல் அடுக்குவோராக வந்து தொழில் வல்லுநராகச் சென்றனர். செலவைச் சுருக்கியபொழுதும் அவர் கூலியைச் சுருக்கவில்லை. பொருளுக்குப் போகும் பணத்தைக் கைத்தொழிலுக்குத் திருப்பினார். சிமெண்டுக்கும் இரும்புக்கும் கொடுத்த பணம் ஊரைவிட்டுச் செல்கின்றது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் சுண்ணாம்பு சுடுவோருக்கும் கொடுத்த பணம் ஊர்க்கடையிலேயே மறுநாள் அரிசியாகின்றது. வீடு கட்டுதல் ஒரு குடும்பத்தின் செலவு மட்டுமன்று, ஊரின் வரவுமாம் என்பதை நம் சங்கத்துச் செல்வர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

1985-ஆம் ஆண்டு, முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனோன், கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத்து ஆகியோரோடு சேர்ந்து ‘காஸ்ட்ஃபோர்டு’ என்னும் நிறுவனத்தைப் பேக்கர் தோற்றுவித்தார். செலவு குறைக்கும் வழிகளையும் மண்வீட்டின் நலங்களையும் தம் கையாலேயே படம் வரைந்து, கையெழுத்திலேயே சிறுநூல்களாக வெளியிட்டார். 1989-ஆம் ஆண்டு இந்தியக் குடிமகனாயினார். 1990-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

இத்துணையும் கூறிய யாம் மறுபக்கத்தைக் கூறாது விடுதல் முறையன்று. பேக்கருடைய வீடு வேண்டும் என்று அவர் கட்டிய சுவரை அப்படியே பார்த்துக் கட்டுவோர் இன்று ஏமாறுகின்றனர். அவர் செங்கல்லைத் தேர்ந்தது அக்காலத்தில் அஃது அருகே மலிவாகக் கிடைத்ததனால். சூளைக்கு வேண்டிய களிமண் வயலிலிருந்தன்றோ வருகின்றது? வயலைக் குடைந்து வீடு கட்டுதல் அடுப்பை இடித்து அடுக்களை கட்டுதல் போலும். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. களிமண் அரிதாகவே சூளைகள் பல அவிந்தன. கல்லின் விலை ஏறிற்று. நெடுந்தொலைவிலிருந்து லாரியிற் செங்கல் கொணர்ந்து ‘பேக்கர் பாணி’ என்று கட்டுவோர் பேக்கரின் உடையை உடுத்துகின்றனர், நெறியை உடுத்தவில்லை. பூச்சில்லாச் சுவர், கல் நன்கு வெந்ததாயிருந்தாலன்றி மழையில் ஊறிப் பாசி பற்றும். நிறுத்தல் முறைக் கட்டு, பழகாத கொத்தனார் கையில் கோணலாகும். பிற்காலத்தில் மின்கம்பிக்கென்று சுவரைக் கண்டபடி குடைந்தால் வலிகுன்றும். ஆதலின் கம்பி செல்லும் வழியைக் கட்டும்போதே வகுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் நம் பகுதியில் யாது செய்வது? அருகே கிடைப்பது யாது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். செம்புரைக்கல் கிடைக்கும் ஊரில் அதுவே கல். கருங்கல் உடையும் ஊரில் கடைக்காலும் அடிச்சுவரும் கருங்கல். நல்ல செம்மண் உள்ள ஊரில் மண்ணே கல்லாகும். புதுவைக்கு அருகே ஆரோவில்லில் 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண் கட்டடப் பயிற்சி நிலையத்தார், மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு அளவிலான சிமெண்டு கலந்து, கைப்பொறியில் அழுத்தி, சூளையில் வேகவையாமலே கல் செய்கின்றனர். அவ்வண்ணம் எழுந்த மாடிக்கட்டடங்கள் அங்கே பல. விறகும் வேண்டா, வயலும் அழியா. இடித்த பழவீட்டின் ஓட்டையும் உத்திரத்தையும் கதவையும் விற்றுவிடாது புதுவீட்டிலே சேர்த்தல் மற்றொரு வழி. பேக்கர் நாலாஞ்சிறையிற் பாறைச் சரிவொன்றில் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்ட தம் சொந்த வீட்டில் பிறர் கழித்த பழம்பொருள்கள் பல இடம்பெற்றுள்ளன.

நம் பெண்மணிகட்கும் ஒரு சொல். வீட்டுப்படம் வரையும்போது ஆடவர் முகப்பையே பேசுவர். அவ்வீட்டிற் பகலெல்லாம் இருப்போர் பெண்டிரும் முதியோரும் குழந்தைகளுமே. அடுக்களை மேற்கே பார்த்ததா, துவைக்கும் இடத்துக்கு நிழல் உண்டா, மாமியார் பகலிற் படுக்கும் அறைக்குக் காற்று எப்பக்கம் வரும் என்பனவற்றைக் கடைக்கால் தோண்டுமுன் நீங்களே கேட்டல் வேண்டும். பேக்கர் வீடு வேண்டி வந்த குடும்பத்தாரிடம் இத்தகைய வினாக்களையே நெடுநேரம் உசாவிய பின்னர் எழுதுகோலை எடுப்பார்.

அவர் கட்டியவற்றைக் காண விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. திருவனந்தபுரம் தம்பானூரில் புகைவண்டி நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே ‘இந்தியன் காபி ஹவுஸ்’ ஒன்று உள்ளது. செந்நிறச் செங்கற் கோபுரம் போல் நிற்கும் அதனை உணவுக்கடை என்று முதலில் நம்புவது அரிது. உள்ளே மாடியில்லை, படியும் இல்லை. தரையே சுழன்று சுழன்று மேலேறுகின்றது. சுவரோரமாகக் கட்டிய இருக்கைகளும் மேசைகளும் அச்சரிவோடு ஏறிச் செல்கின்றன. சுற்றிலும் சுவரெங்கும் பலகணி. குறுகிய மனையில் பலர் அமர வேண்டும், காற்று வேண்டும், செலவு குறைய வேண்டும் என்னும் மூன்றுக்கும் அவ்வொரே சுவர் விடை கூறுகின்றது. கொத்தனார் யாரையேனும் உடனழைத்துச் செல்வது நன்று. காபி ஆறுமுன் அவர் எழுந்து சுவரைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.